கிழிந்த ஜவ்வும் அவசரக் கத்தியும்

தமிழில் முழங்காலுக்குள் இருப்பது எல்லாமே ஜவ்வுதான். எலும்புகளைப் பிணைக்கும் தசைநார் அறுந்தாலும் ஜவ்வு, நடுவே மெத்தை போலக் கிடக்கும் மெனிஸ்கஸ் கிழிந்தாலும் ஜவ்வு, மூட்டு தேய்ந்தாலும் "ஜவ்வு தேய்ஞ்சுபோச்சு". பேச்சில் இது குற்றமில்லை. ஆனால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஆபரேஷனுக்குத் தேதி குறிக்கும்போது, எந்த ஜவ்வு, அது எப்படிக் கிழிந்தது என்று கேட்காமல் விட்டால் வம்பு.

மெனிஸ்கஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்குக் குட்டிப் பிறை என்று பொருள். ஒவ்வொரு முழங்காலிலும் உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என ரப்பர் போன்ற இரண்டு பிறைகள். உருண்டையான தொடை எலும்பு, தட்டையான கீழ்க்கால் எலும்பின் மேல் ஒரே இடத்தில் அழுத்தாமல் பாரத்தைப் பரப்பிவிடுவது இவற்றின் வேலை. கால் நீண்டிருக்கும்போது மூட்டில் இறங்கும் பாரத்தில் ஏறக்குறைய பாதியையும், முழங்கால் செங்கோணமாக மடங்கும்போது சுமார் 85 சதவீதத்தையும் இவையே சுமக்கின்றன.

இவ்வளவு வேலை செய்யும் உறுப்பை மருத்துவ உலகம் நெடுங்காலம் மதிக்கவில்லை. 1897இல் பிரிட்டிஷ் சர்ஜன் ஜான் பிளாண்ட்-சட்டன், இது கால் தசையின் பயனற்ற மிச்சம் என்று எழுதினார். கிழிந்ததா, முழுசாக எடுத்து எறி என்பதே பல பத்தாண்டுகளுக்கு வழக்கமாக இருந்தது. அப்படி எடுக்கப்பட்டவர்களின் எக்ஸ்ரேக்களை ஆராய்ந்த ஃபேர்பேங்க், எலும்பின் இடைவெளி குறுகி, விளிம்புகள் மாறிப்போயிருப்பதை 1948இல் சுட்டிக்காட்டினார். பிறகு ஜப்பானின் மசாகி வாடனாபே 1962இல் சிறு துளை வழியே குழாயை விட்டு, கிழிந்த பகுதியை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டினார். ஆர்த்ரோஸ்கோபி என்ற அந்த முறை பெரிய முன்னேற்றம், சந்தேகமில்லை. ஆனால் செய்வது சுலபமாகிவிட்டால், தேவையில்லாத இடத்திலும் செய்யத் தோன்றும்.

கிழிசலில் இரண்டு ஜாதி உண்டு. புது வேட்டி ஆணியில் மாட்டிக் கிழிவது ஒன்று. பழைய வேட்டி நைந்து கிழிவது இன்னொன்று. கபடி ஆடும் இளைஞன் பாதத்தை மண்ணில் ஊன்றியபடி உடம்பைத் திருப்பும்போது 'டொக்'கென்று போவது முதல் வகை. ஐம்பதைத் தாண்டியவர் சம்மணமிட்டுச் சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்கையில் சுருக்கென்று பிடித்துக்கொள்வது பெரும்பாலும் இரண்டாவது வகை. நைந்த துணியில் தையல் போட்டால் பக்கத்தில் கிழியும். முழங்காலிலும் ஏறத்தாழ அதே கதைதான்.

இரண்டாவது வகையில் ஸ்கேன் அறிக்கை பெரிய குழப்பவாதி. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் நகரில் 50 முதல் 90 வயதுக்குட்பட்ட 991 பேரின் முழங்கால்களை ஸ்கேன் செய்து பார்த்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய மாதத்தில் வலியோ விறைப்போ இருந்ததே இல்லை. வலியோடு வருபவரின் ஸ்கேனில் கிழிசல் தெரிகிறது என்பதால் கிழிசல்தான் வலிக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. தலை நரைத்தவருக்குத் தலைவலி வந்தால் நரைமுடியைக் குற்றம் சொல்வோமா?

பின்லாந்து டாக்டர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். நைந்த கிழிசல் உள்ள 146 பேரில் ஒரு பாதிக்கு உண்மையான ஆபரேஷன். மறுபாதிக்குக் குழாயை விட்டுப் பார்த்ததோடு சரி. கருவிகளைக் கேட்டு வாங்குவது, காலை அசைப்பது, அதே அளவு நேரம் மேஜையில் வைத்திருப்பது என்று நாடகம் மட்டும் முழுமையாக நடந்தது. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. ஓராண்டு கழித்து (முடிவு 2013இல் வெளியானது) இரு தரப்பின் வலியிலும் நடமாட்டத்திலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. பின்லாந்துக்காரர்கள் தரையில் உட்கார்ந்து எழுபவர்கள் அல்லவே, நமக்கு இது பொருந்துமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வெட்டியதால் கூடுதல் பலன் உண்டு என்று இங்கே யாரும் நிரூபித்துவிடவில்லை.

அதே 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வில், உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 30 சதவீதம் பேர் 6 மாதத்துக்குள் பலனில்லை என்று ஆபரேஷனுக்கு மாறினார்கள். தாமதித்ததால் அவர்கள் எதையும் இழந்துவிடவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. முதலில் பயிற்சி, பலிக்காவிட்டால் மற்றது என்ற வரிசைக்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பயிற்சி என்றால் காலை இரண்டு முறை ஆட்டுவதல்ல. 2016இல் வந்த நார்வே ஆய்வில் வாரத்துக்கு 2, 3 முறை என 12 வாரம் தொடைத் தசைகளுக்குக் கடுமையான வேலை கொடுத்தார்கள். ஈராண்டு முடிவில் அவர்கள் ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்குச் சமமாக இருந்தார்கள், ஆரம்ப மாதங்களில் தசை வலுவில் ஒரு படி மேலே. இதோடு எடைக் குறைப்பு, சில வாரங்களுக்கு இந்திய பாணிக் கழிப்பறையையும் குத்துக்காலிட்டு உட்காருவதையும் தவிர்ப்பது. இந்தியாவில் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மருத்துவமனையில் படுத்தால்தான் இன்ஷூரன்ஸ் பணம் வரும், பிசியோதெரபிக்குப் போய்வரும் செலவு பொதுவாகச் சொந்தப் பையிலிருந்துதான். மலிவான வைத்தியம் நோயாளிக்கு விலையுயர்ந்ததாகிவிடுகிறது.

ஆனால் ஆபரேஷன் கூடாது என்று பொதுவாகச் சொல்லிவிடுவதும் தப்பு. கிழிந்த துண்டு மடங்கி மூட்டின் நடுவே சிக்கி, காலை முழுசாக நீட்டவே முடியாமல் பூட்டிக்கொண்டால் நாள் கடத்தக் கூடாது. பிறையின் நுனி எலும்பில் வேர்பிடித்திருக்கும் இடமே பிய்ந்துவிடுவது இன்னொரு விதிவிலக்கு. நடுவயதுப் பெண்களிடம் இது அதிகம். படி ஏறும்போதோ குந்தி எழும்போதோ முழங்காலின் பின்பக்கம் ஒரு சத்தம், அதோடு கடும் வலி. வேர் போனால் முழு மெனிஸ்கஸும் போன மாதிரி என்பதால் மூட்டு வேகமாகத் தேய்கிறது. இதைச் சாதாரணத் தேய்மானம் என்று தைலம் தடவிக் கழிப்பவர்கள்தான் பாவம்.

இளைஞர்களின் கிழிசலில் கேள்வி, தைப்பதா வெட்டுவதா என்பது. பிறையின் வெளி விளிம்பில் மட்டுமே, அகலத்தில் கால் பங்கு அளவுக்கு, ரத்த ஓட்டம் உண்டு. அங்கே கிழிந்தால் தையல் சேரும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. உள் விளிம்பில் அந்த வாய்ப்பு குறைவு. தைத்தவருக்கு 4 முதல் 6 வாரம் ஊன்றுகோல், பட்டை, மடக்கக் கட்டுப்பாடு. மைதானம் திரும்ப ஏறக்குறைய 4 முதல் 6 மாதம். வெட்டினால் சில வாரத்தில் ஓடலாம். 2024 ஜூன் 5 அன்று பாரிஸில் மெனிஸ்கஸ் ஆபரேஷன் செய்துகொண்ட ஜோகோவிச் ஜூலை 14 அன்று விம்பிள்டன் இறுதிப் போட்டியில் ஆடினார். அவருக்கு அப்போது 37 வயது, ஆடவேண்டியதில் பெரும்பகுதியை ஆடி முடித்தவர். ரயில்வே அணித் தேர்வை மனதில் வைத்து "வெட்டி எடுத்துடுங்க டாக்டர்" என்று அவசரப்படும் இருபது வயதுக் கபடி வீரனின் கணக்கு வேறு. அந்த முழங்கால் இன்னும் அரை நூற்றாண்டு அவனைச் சுமக்க வேண்டும்.

தைக்க முடியுமா என்பது பல சமயம் குழாயை உள்ளே விட்டுப் பார்த்த பிறகுதான் தெரியும். அப்போது நோயாளி மயக்கத்தில் இருப்பார் அல்லது இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருக்கும். தைக்க முடிந்தால் தைத்துவிடுங்கள், எத்தனை மாதமானாலும் சரி என்பதை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும்போதே சர்ஜனிடம் பேசி முடித்துக்கொள்ள வேண்டும்.