காடியின் பயனும் எல்லையும்

பாறசாலைச் சந்தையிலும் நெய்யாற்றின்கரைக் கடைத்தெருவிலும் ஒரே பொருளை வெவ்வேறு பெயர்களால் கேட்டு வாங்குவோரைக் காணலாம். மலையாளத்தில் அதனை வினாகிரி என்பர். சொறுக்க என்றும் கூறுவர். ஆங்கிலப் பெயரிட்டு வினிகர் என்று கேட்போரும் உளர். தமிழில் அதற்குக் காடி என்னும் பழம்பெயர் உண்டு. ஊறுகாய்க்கும் மீன், இறைச்சி உணவுகளுக்கும் பயன்பட்டு வந்த காடி, இப்பொழுது வீட்டைத் தூய்மை செய்யும் பொருளாகவும் புகழ் பெற்றுள்ளது. "இஃது இயற்கைப் பொருள், இதில் வேதிப்பொருள் இல்லை, ஒரு புட்டி இருந்தால் வீடு முழுவதையும் தூய்மை செய்யலாம்" என்று பலர் கூறக் கேட்கிறோம்.

இக்கூற்றில் ஒரு பகுதி உண்மை. எஞ்சிய பகுதியை ஆராயாமல் நம்பினால் வீட்டிற்குத் தீங்கு நேரும். ஒரு பொருளின் பயனை அறிவதுபோலவே அதன் எல்லையையும் அறிதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

முதலில் காடி எவ்வாறு உண்டாகிறது என்பதைக் காண்போம். தென்னையும் பனையும் தரும் இனிய சாறு, கலயத்தில் வடிந்த சில மணி நேரத்திலேயே நுரைத்துப் புளிக்கத் தொடங்கும். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர்கள் அச்சாற்றிலுள்ள சர்க்கரையை ஆல்ககாலாக மாற்றுவதே அதற்குக் காரணம். அவ்வாறு புளித்த சாறே கள். கள்ளை மேலும் பல நாள்கள் காற்றுப்பட வைத்திருந்தால், வேறுவகை பாக்டீரியாக்கள் அந்த ஆல்ககாலை அசெட்டிக் அமிலமாக மாற்றிவிடும். அதுவே காடி. இம்மாற்றம் உயிருள்ள நுண்ணுயிர்களின் செயல் என்பதைப் பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1860களில் விளக்கினார்.

புளிப்பைத் தடுக்கும் வழியைப் பனையேறிகள் தம் பட்டறிவால் முன்னரே அறிந்திருந்தனர். பதநீர் இறக்கும் கலயத்தின் உட்புறத்தில் அவர்கள் சுண்ணாம்பு பூசுவர். குமரி மாவட்டத்தார் பதநீரை அக்கானி என்பர். சுண்ணாம்பின் காரத்தன்மை, புளிக்கச் செய்யும் நுண்ணுயிர்களைப் பெருக விடாது. தோன்றும் சிறிதளவு அமிலத்தையும் அது செயலிழக்கச் செய்யும். அமிலமும் சுண்ணாம்பும் எதிர்ப்பட்டால் இரண்டும் தம் இயல்பை இழக்கும் என்னும் இச்செய்தியை நினைவில் கொள்க. காடியின் பயன், கேடு ஆகிய இரண்டையும் இதைக் கொண்டே அறியலாம்.

கடையில் மலிவாகக் கிடைக்கும் வெள்ளைக் காடி எல்லாம் கள்ளிலிருந்து வந்ததன்று. ஆலையில் உருவாக்கிய அசெட்டிக் அமிலத்தை நீரில் கலந்து செய்யும் காடியும் உண்டு. அத்தகைய காடியின் புட்டியில் 'செயற்கை' எனத் தெளிவாக அச்சிடவேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. புளிக்கவைத்துச் செய்ததாயினும் செயற்கையாயினும் 100 மில்லிலிட்டர் காடியில் 3.75 கிராமுக்குக் குறையாமல் அமிலம் இருத்தல் வேண்டும். கறையைக் கரைப்பது அந்த அமிலமே. அது மரத்திலிருந்து வந்ததா, ஆலையிலிருந்து வந்ததா என்று கறை கேட்பதில்லை.

இனி, காடியின் பயன்களைக் காண்போம். விடுமுறையில் திருநெல்வேலி, தூத்துக்குடி, விருதுநகர் எனச் சொந்த ஊர்களுக்குச் செல்லும் மாணவர்கள் ஒன்றைக் கண்டிருக்கலாம். தென்தமிழ்நாட்டின் வறண்ட ஊர்கள் பலவற்றில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினநீராக இருக்கும். அந்நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியிலும் குழாயின் வாயிலும் வெண்ணிறப் படிவு தோன்றும். அப்படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டு. சுண்ணாம்பின் இனமாகிய அதனைக் காடி எளிதில் கரைத்துவிடும். காடியும் நீரும் சம அளவில் கலந்து சிறிது நேரம் ஊறவைத்துத் தேய்த்தால் போதும். கண்ணாடிச் சன்னலில் காய்ந்த நீர்த்துளிகளின் கறையும் இவ்வாறே நீங்கும்.

நெய்யாற்றின்கரை வட்டத்தின் நிலம் வேறு தன்மையது. செம்மண்ணும் வெட்டுக்கல்லும் மிகுந்த இப்பகுதியில் பல கிணறுகளின் நீர் மென்னீர். சிறிது அமிலத்தன்மையும் உடையது. ஆகவே இங்கு வெண்படிவு குறைவு. அதற்கு மாறாக, நீரில் இரும்பு கலந்த இடங்களில் வாளியிலும் கழிவறையிலும் செம்பழுப்புக் கறை படியும். இரும்புக் கறைக்குக் காடியைவிட ஆக்சாலிக் அமிலம் ஏற்றது. அவ்வமிலம் நம் தோட்டத்துப் புளிச்சிக்காயில் நிறைய உண்டு. மலையாளத்தில் புளிஞ்சிக்கா எனப்படும் அக்காயை நறுக்கித் தேய்த்துக் கறை போக்கும் வழக்கம் எல்லையின் இருபுறத்திலும் உண்டு. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு, கல்குளம் முதலிய வட்டங்கள் தமிழ்நாட்டோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அதுவரை இப்பகுதிகள் யாவும் ஒரே ஆட்சியின்கீழ் இருந்தமையால் அடுக்களை வழக்கங்களும் இங்கு ஒன்றுபோலவே அமைந்துள்ளன.

குத்துவிளக்கைப் புளியால் துலக்குவதும் அத்தகைய பொது வழக்கமே. பித்தளையின்மேல் படியும் களிம்பைப் புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் கரைக்கிறது. அதன்பின் சாம்பலிட்டுத் தேய்த்தால் எண்ணெய்ப் பிசுக்கு நீங்குகிறது. சாம்பல் காரத்தன்மை உடையது என்பதே அதற்குக் காரணம். களிம்புக்குப் புளி, எண்ணெய்க்குச் சாம்பல் என அழுக்கின் வகையறிந்து பொருளைத் தேர்ந்தெடுத்தனர் நம் பாட்டியர். 'ஒரே பொருள் எல்லாவற்றையும் போக்கும்' என்று அவர்கள் எண்ணவில்லை. காடியைப் புகழ்வோர் மறந்துவிடும் செய்தி இதுவே.

காடியால் இயலாதன பல. எண்ணெய்ப் பிசுக்கு அதற்கு எளிதில் அடங்காது. அதற்குச் சோப்போ சாம்பலோ வேண்டும். நோய்க்கிருமிகள் சிலவற்றை அது அழிக்கும் என்றாலும், நோயாளி இருக்கும் அறையைத் தூய்மை செய்ய அதனை நம்பியிருத்தல் கூடாது. சலவைக்கல் தரையிலும் மொசைக் தரையிலும் காடியை ஊற்றினால் கல்லிலுள்ள கால்சியம் கார்பனேட்டு அரிக்கப்பட்டுப் பளபளப்பு மங்கும். குழாயின் வெண்படிவைக் கரைக்கும் ஆற்றலே தரையையும் கெடுக்கிறது. இரும்புச் சட்டியிலும் அலுமினியப் பாத்திரத்திலும் காடியை நெடுநேரம் வைத்தல் ஆகாது. ஊறுகாயைப் பரணியில் இட்டு வைப்பதன் பொருள் இதனால் விளங்கும்.

காடியையும் ஆப்பசோடாவையும் ஒன்றாகக் கலந்தால் பொங்கி நுரை எழும். அதனைக் கண்டு, தூய்மை செய்யும் ஆற்றல் இருமடங்காயிற்று என்று எண்ணுவோர் பலர். உண்மை அதற்கு மாறானது. அமிலமும் காரமும் ஒன்றையொன்று செயலிழக்கச் செய்தபின் எஞ்சுவது பெரும்பாலும் உப்புக் கரைந்த நீரே. மேலே எழும் நுரை கார்பன் டை ஆக்சைடு வாயு. கலயத்துச் சுண்ணாம்பு கற்பித்த பாடம் இங்கும் பொருந்துகிறது.

இவை பொருளிழப்பையும் வீண் உழைப்பையும் மட்டுமே தருவன. உயிருக்கே ஊறு செய்யும் கலவை ஒன்று உண்டு. கேரளத்தில் வீட்டுக்கு வீடு கிணறு இருத்தல் இயல்பு. மழைக்காலத்தில் நீர்வழி நோய்களைத் தடுக்கக் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் இடுவர். பாடநூல்கள் இதனைச் சலவைத்தூள் என்று குறிக்கும். 1,000 லிட்டர் நீருக்கு 2.5 கிராம் என்பது பொதுவான அளவு. அளவோடு இட்டால் அது நோயைத் தடுக்கும் நல்ல பொருள். எஞ்சிய தூளைக் கழிவறையிலும் வாசலிலும் தூவுவர். அத்தூள்மீது காடியை ஊற்றினால் குளோரின் என்னும் நச்சுவாயு வெளிப்படும். கழிவறை தூய்மை செய்ய விற்கும் வன்மையான அமிலங்களை ஊற்றினால் அவ்வாயு மேலும் மிகுதியாக எழும். 1915 ஏப்ரல் 22ஆம் நாள் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே செருமானியப் படை போர்க்கருவியாக ஏவியது இவ்வாயுவையே. காற்றோட்டமில்லாத சிறு குளியலறையில் சிறிதளவு வெளிப்பட்டாலும் அது கண்ணை எரிக்கும், மூச்சை அடைக்கும். அத்தகைய நெடி எழுந்தால் கலவையை அகற்ற முயலாமல், உடனே அறையைவிட்டு வெளியேறித் திறந்தவெளிக்குச் செல்லுதல் வேண்டும். மூச்சுத் திணறல் இருப்பின் மருத்துவமனைக்குச் செல்லத் தாமதித்தல் கூடாது.

நம் பகுதிக்கே உரிய மற்றோர் இடரும் உண்டு. விளவங்கோட்டிலும் நெய்யாற்றின்கரை வட்டத்தின் மலையோர ஊர்களிலும் ரப்பர் தோட்டங்கள் மிகுதி. ரப்பர் பாலை உறையச் செய்து ஷீட் ஆக்குவதற்குப் பார்மிக் அமிலம் பயன்படுகிறது. கடையில் வாங்கும்போது அது 85 விழுக்காடு வரை செறிவுடையதாக இருக்கலாம். நீர் சேர்த்துத்தான் அதனைப் பயன்படுத்துவர். காடியைப் போலவே நிறமற்றும் புளிப்பு நெடியோடும் இருக்கும் அது, தோலில் பட்டால் புண்ணாக்கும். எந்த அமிலத்தையும் குடிநீர்ப் புட்டியிலோ குளிர்பானப் புட்டியிலோ ஊற்றி வைத்தல் கூடாது. அடுக்களைக் காடியும் தோட்டத்து அமிலமும் ஒரே அலமாரியில் இருத்தலும் கூடாது.

'இயற்கையானது தீங்கு செய்யாது' என்பாரும் உளர். மேலே கண்ட புளிச்சிக்காயே அவர்களுக்கு விடை கூறும். அதன் சாற்றை மிகுதியாகக் குடித்த சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதைக் கேரள மருத்துவர்கள் 2013இல் மருத்துவ இதழில் பதிவு செய்துள்ளனர். கறையைக் கரைத்த அதே ஆக்சாலிக் அமிலமே அதற்கும் காரணம். ஒரு பொருளின் நன்மை தீமைகளை அளவும் சேர்க்கையுமே தீர்மானிக்கின்றன.

எனினும், காடியை விலக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. நாள்தோறும் துடைக்கும் குழாய்க்கும் கண்ணாடிக்கும் வன்மையான அமிலத்தைப் பயன்படுத்துவதைவிட நீர் கலந்த காடி மேலானது, செலவும் குறைவு. அதனைத் தனியே பயன்படுத்துக, வேறெதனோடும் கலவற்க. இவ்விரு விதிகளும் போதும்.

ஆயினும் இவ்விதிகளை வீட்டில் யார் சொல்வது? புட்டியின்மேல் ஒட்டிய தாளில் ஆங்கிலமும் இந்தியும் மலையாளமும் இருக்கலாம். தமிழ் இருப்பது அரிது. பிழைப்புக்காக எல்லை கடந்து வந்த பெற்றோருள் தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தோர் உண்டு. எம்மொழியும் படிக்காதோரும் உண்டு. பாட்டிக்குப் புளியும் சாம்பலும் தெரியும். பிளீச்சிங் பவுடரின் தன்மை தெரியாது. மாணவர்களாகிய உங்களுக்கு அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரியும். ஆனால் பாட்டியின் பட்டறிவு இல்லை. இருவர் அறிவும் ஒரே அடுக்களையில் சேர்ந்தால்தான் வீடு பாதுகாப்பாக இருக்கும்.

ஆகவே, மாணவர்களே, இன்று மாலை வீட்டிலுள்ள புட்டிகளைப் பெரியோர் துணையோடு பாருங்கள். மூடிகளைத் திறக்க வேண்டா. ஒவ்வொன்றின்மேலும் எழுதியிருப்பதைப் படித்து, அதன் பொருளை அம்மாவுக்கும் பாட்டிக்கும் தமிழில் சொல்லுங்கள். பின்னர் ஒரு துண்டுத் தாளில் 'காடி: இதனோடு எதையும் கலக்காதே' என்றும், 'பிளீச்சிங் பவுடர்: அமிலம் ஊற்றாதே' என்றும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். படிக்காத பெரியோர் இருப்பின் சிவப்பு மையால் ஓர் அடையாளம் இட்டு, அதன் பொருளைச் சொல்லிக்கொடுங்கள். விருப்பப் பாடமாகத் தமிழ் கற்பதால் என்ன பயன் என்று உங்களைச் சிலர் கேட்கக்கூடும். வீட்டிலுள்ளோர் படித்துக் கேடு தவிர்க்க உதவும் அத்தாளை நீங்கள் அவர்களுக்குக் காட்டலாம்.

சிந்தித்து எழுதுக

1. குழாயின் வெண்படிவைப் போக்கும் காடி, மொசைக் தரையைக் கெடுப்பது ஏன்?

2. 'இயற்கையானது தீங்கு செய்யாது' என்னும் கூற்றை நீங்கள் ஏற்கிறீர்களா? உங்கள் கருத்தைக் காரணத்துடன் பத்து வரிகளில் எழுதுக.

3. உங்கள் பாட்டி அல்லது தாத்தாவிடம் அவர்கள் காலத்தில் வீட்டையும் பாத்திரங்களையும் தூய்மை செய்த முறைகளைக் கேட்டு, அவர்கள் வழங்கிய சொற்களிலேயே தொகுத்து எழுதுக.