பிள்ளைக்கு எந்த குரூப்?



பத்தாம் வகுப்பு முடிவு வந்த கையோடு வேலூர் லாங் பஜாரில் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வது ஒரே கேள்விதான்: "புள்ளைக்கு எந்த குரூப்?" பயாலஜி, கம்ப்யூட்டர் சயின்ஸ், காமர்ஸ் என்று பெருமையாகப் பதில் வரும். தொழிற்கல்வி என்று சொல்ல வேண்டியிருந்தால் மட்டும் குரல் தணிந்துவிடும்.

இத்தனைக்கும் இந்தப் பிரிவுக்கும் வேலூருக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1978-இல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ தொடங்கியபோதே தொழிற்கல்வியும் சேர்ந்து வந்தது. அதே ஆண்டில் மேல்நிலைத் தொழிற்கல்வி பற்றி அறிக்கை தந்த தேசியக் குழுவின் தலைவர் மால்கம் ஆதிசேஷையா. 1910-இல் வேலூரில் பிறந்து, யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்தவர். பொதுப்பிரிவில் படிக்கிற பிள்ளைகளுக்கும் கைத்தொழில் வேண்டும் என்றது அந்தக் குழு. பின்னர் 1986 தேசியக் கல்விக் கொள்கை, 1995-க்குள் மேல்நிலை மாணவர்களில் 25 சதவீதம் பேர் தொழிற்கல்வியில் இருக்க வேண்டும் என்று குறி வைத்தது. சேர்க்கை அந்த எண்ணின் கிட்டேகூடப் போகவில்லை. ஏன்?

அரசுப் பள்ளிச் செலவில் பெரும்பங்கு ஆசிரியர் சம்பளம். ஆகவே தொழிற்கல்விக்குப் பணம் என்றால் பணியிடம் என்றே பொருள். ஆசிரியர் ஓய்வு பெறுகிறார், இடம் நிரப்பப்படுவதில்லை, பிரிவு மூடப்படுகிறது. கேட்டால் பிள்ளைகள் சேருவதில்லை என்பார்கள். ஆசிரியரே இல்லாத பிரிவில் எந்தப் பிள்ளை சேரும்?

பெற்றோர் பக்கமும் ஒரு கணக்கு இருக்கிறது. ஆம்பூர், பேரணாம்பட்டு ஷூ கம்பெனிகளில் ஷூவின் மேல்பகுதியான அப்பரைத் தைக்கும் பெண்களில் பெரும்பாலோர் மெஷினில் உட்கார்ந்தே தொழில் கற்றவர்கள். சான்றிதழுக்குத் தனிக் கூலி இல்லை என்றால் அதற்காக இரண்டு வருடம் எதற்கு? அந்தக் கணக்கில் தப்பு காண எனக்கு மனம் வரவில்லை. ஜெர்மனியில் கணக்கு வேறு: பயிற்சிக் காலத்திலேயே கம்பெனி சம்பளம் தருகிறது, வாரத்தில் ஓரிரு நாள் பள்ளி, மற்ற நாள் பட்டறை. நம்மிடமும் அப்ரண்டிஸ் சட்டம் 1961-இலேயே வந்துவிட்டது. சட்டம் இருக்கிறது, அவ்வளவுதான்.

மேலே படிக்க வழி தெரிந்தால் பிள்ளைகள் வருவார்கள். 2022-இல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய், ஐடிஐ, பாலிடெக்னிக் சேரும் அரசுப் பள்ளி மாணவிகளுக்கும் உண்டு. 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜீஸோடு சேர்ந்து மேம்படுத்த சுமார் 2,877 கோடி ரூபாயில் திட்டமும் வந்தது. நல்லதுதான். ஆனால் மெஷினுக்குக் கிடைக்கிற பணம் மேல்நிலைப் பள்ளித் தொழிற்கல்வி ஆசிரியருக்கும் கிடைக்க வேண்டும். ஷூ கம்பெனிக்காரர்களும், படித்து வருகிற பெண்ணுக்குக் கூடுதலாக என்ன தருவோம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

உங்கள் ஊர்ப் பள்ளியில் தொழிற்கல்வி ஆசிரியர் பணியிடம் காலியா என்று அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எங்களுக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்