பரணில் பூத்த பூஞ்சணம்

ஐப்பசி அடைமழை விட்டதும் அடுப்படிப் பரணிலிருந்து தகரப்பெட்டியை இறக்கினேன். பிரெஞ்சுப் பள்ளியில் நான் வாங்கிய ‘பிரெவே’ சான்றிதழில் பச்சைப் பூஞ்சணம் பூத்திருந்தது.

“மாடி ஒழுகுதுப்பா, மேலே சிமெண்ட் பூசிடலாம்” என்றான் மகன். தளத்தில் ஒழுகிய தடமே இல்லை. குற்றம் எங்களுடையது.

புதுச்சேரியின் பழைய வீடுகள் செங்கல்லும் சுண்ணாம்பும். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் பூசி மூச்சை அடைத்தோம். புறா கூடு கட்டுகிறதென்று பரணருகே இருந்த காற்றுத் துவாரத்தையும் அடைத்தோம். சமையல் ஆவி மேலே ஏறுகிறது, போக வழியில்லை. பக்கத்து அறை ஏ.சி.யால் குளிர்ந்த சுவரில் வியர்வையாகப் படிகிறது. பூஞ்சணத்துக்கு ஈரம் கிடைத்தால் போதும். காகிதமும் தூசியுமே சாப்பாடு.

அதன்மேல் வெள்ளையடிப்பது, மனுவைக் கோப்புக்கு அடியில் தள்ளிவிட்டு ‘முடிந்தது’ என்று எழுதுவது போல. முப்பது வருஷ குமாஸ்தா சொல்கிறேன், மனு திரும்ப வரும்.

துவாரத்தைத் திறந்து வலை அடியுங்கள். பெட்டிகளைச் சுவரிலிருந்து நான்கு விரல் தள்ளி வையுங்கள். நான் செய்துவிட்டேன், தாமதமாக. சான்றிதழில் என் பெயர் தெரிகிறது. தலைமையாசிரியர் கையெழுத்து போய்விட்டது.