வேகக் கார் வாங்க நினைக்கும் வியாபாரிக்கு

கடந்த வாரம் அஸர் தொழுதுவிட்டு வரும்போது சகோதரியின் மகன் கடையில் காத்திருந்தான். சிறியதொரு புடைவைக் கடை நடத்துபவன். "மாமா, நல்லா ஓடக்கூடிய பழைய கார் ஒன்று எடுக்கப் போறேன். லான்ஸரா, சிவிக்கா, ஸ்விஃப்ட் ஸ்போர்ட்டா?" என்று கேட்டான். நமது இளம் வியாபாரிகள் பலரிடமும் இந்த ஆசை இருப்பதால், அவனுக்குச் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன்.

சரக்கு எடுக்கும்போது விலை, தரம், சந்தையில் அதற்குள்ள பெயர் ஆகிய மூன்றையும் பார்க்கிறோம். காருக்கும் இதுவே கணக்கு.

பெயரில் லான்ஸர் எவலூஷனை வெல்ல முடியாது. 1996 முதல் 1999 வரை டொமி மெக்கினன் தொடர்ந்து நான்கு முறை உலக ரெலி சம்பியனானது அதில்தான். இரண்டு லீற்றர் டர்போ, ஜப்பானிய ஏட்டின்படி 280 குதிரைவலு, நான்கு சக்கரங்களுக்கும் இழுவை. ஆனால் நமது விற்பனை நிலையங்களில் அதிகம் நிற்பது சாதாரண லான்ஸர். பின்னால் இறக்கை பூட்டியதால் அது எவலூஷன் ஆகிவிடாது. உண்மையான எவலூஷனோ 2016இல் உற்பத்தி நின்ற வண்டி. அதிவேகப் பாதையிலேயே 100 கிலோமீற்றர்தான் எல்லை என்றிருக்க, 280 குதிரைகளுக்கு யார் தீனி போடுவது?

பத்தாம் தலைமுறை சிவிக்கில் 988 சீசீ டர்போ இயந்திரம், சுமார் 127 குதிரைவலு. ஆயிரம் சீசீக்குள் அடங்கியதால் இங்கு பெரும் வரவேற்புப் பெற்றது. இடவசதி தாராளம், நீண்ட பயணத்தில் நிதானமாக நிற்கும். ஆனால் அதன் டைமிங் பெல்ட் என்ஜின் ஒயிலுக்குள்ளேயே ஓடுகிறது. மலிவான ஒயில் ஊற்றினாலோ, மாற்றத் தாமதித்தாலோ கேடுதான். சேர்விஸ் பதிவு இல்லாத சிவிக்கை எவ்வளவு குறைத்துத் தந்தாலும் நான் தொடமாட்டேன்.

2017இல் வந்த ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 970 கிலோகிராம்தான். அதற்கு 1.4 லீற்றர் டர்போ, 140 குதிரைவலு. எடை குறைவு என்பதால் கடுகண்ணாவை வளைவுகளில் சொன்ன பேச்சைக் கேட்கும். பல உதிரிப்பாகங்கள் சாதாரண ஸ்விஃப்டுக்கும் பொதுவானவை. பஞ்சிகாவத்தையில் நாள் முழுக்க அலைய வேண்டியதில்லை. குறை என்றால் பின் இருக்கை நெருக்கம், குழி விழுந்த வீதியில் குலுக்கல். சிறு குடும்பத்துக்கு, கொடுக்கும் பணத்துக்கு, என் தெரிவு இதுவே. பிள்ளைகள் மூவர், நால்வர் என்றால் பதிவு சரியாக உள்ள சிவிக்.

கடைசியாக அவனிடம் ஒன்று கேட்டேன்: "காசு எங்கிருந்து?" பெருநாள் சரக்குக்கு வைத்த பணத்தில் பாதி, மீதி லீசிங் என்றான். "கார் விலை இறங்காது மாமா, தங்கம் மாதிரி" என்றும் சொன்னான். 2020 மார்ச்சில் இறக்குமதி நின்றதால் பழைய கார்களின் விலை ஏறியது உண்மை. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் கதவு திறந்துவிட்டது. தடைக்காலத்து விலையேற்றத்தை நம்பி இனி எவரும் முதலைப் போடக்கூடாது. பெருநாளில் இரண்டு மாதத்தில் திரும்பும் பணத்தை நான்கு சக்கரத்தில் முடக்கி, மேலே வட்டியும் கட்டுவது என்ன வியாபாரம்? இலாபத்தில் வாங்கட்டும், ஒரு வருடம் பொறுத்தாலும் ஸ்விஃப்ட் ஓடிப்போகாது.

வாகனம் விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் கண்டு, அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வியாபாரியிடம் கேட்டார்கள் நபி (ஸல்) அவர்கள். குறைத்து வைத்த மீட்டரும், பூச்சுக்குள் மறைத்த விபத்தும் அந்த ஈரம்தான். காரின் பெயர் ஜப்பானில் உண்டானது. விற்பவரின் பெயர் அவர் கையில்தான் இருக்கிறது.