சைக்கிள் பண்ணீங்களா சார்?

ஜிலேபி வியாழக்கிழமை காலமானாள். ஜாங்கிரி வெள்ளிக்கிழமை. கேசரியும் லட்டுவும் சனிக்கிழமை ராத்திரி சாப்பாட்டுக்கும் ஞாயிறு காலை காபிக்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு நேரத்தில்.

பதற வேண்டாம். ஸ்வீட் ஸ்டால் சமாசாரம் இல்லை. நான் வாங்கிய தங்கமீன்கள். எல்லாம் ஆரஞ்சு நிறத்தில் இருந்ததால், மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் பெண் வைத்த பெயர்கள். (ஜிலேபி என்ற பெயரில் நம் ஊரில் குழம்பு வைக்கிற மீன் ஒன்று உண்டு என்பதை அவளிடம் நான் சொல்லவில்லை.)

பிறந்தநாளுக்கு மீன் தொட்டி கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கடைக்குப் போனோம். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி. கலர் கல், பிளாஸ்டிக் செடி, வாயைத் திறந்து திறந்து குமிழி விடும் முதலை பொம்மை, காற்று மோட்டார், ஸ்பாஞ்ச் ஃபில்டர், தீனி டப்பா. "எல்லாம் செட்டு சார். தண்ணிய ஊத்தி, க்ளோரின் போறதுக்கு இதுல நாலு சொட்டு விட்டு, மீனை விட்டுருங்க" என்றார் கடைக்காரர். பதினொன்றரைக்குத் தொட்டி வாங்கினேன். பன்னிரண்டரைக்கு ஆறு மீன் நீந்திக்கொண்டிருந்தன. இந்த வேகத்தில் நான் ஆபீஸில் எந்தக் காரியமும் செய்ததில்லை.

நாலாவது நாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. தண்ணீர் அரிசி களைந்த மாதிரி ஆயிற்று. மேல் போர்ஷன் மாமா வந்து பார்த்துவிட்டு, தொட்டி வடகிழக்கில் இல்லாததுதான் கோளாறு என்றார். எதிர்வீட்டுக்காரர், "கறுப்பு மீன் ஒண்ணு சேர்த்து விடுங்க. திருஷ்டியை அது வாங்கிக்கும்" என்றார். விட்டேன். அது எதையோ வாங்கிக்கொண்டு மறுநாளே போய்ச் சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை வீரனாகக் களத்தில் இறங்கினேன். மொத்தத் தண்ணீரையும் கொட்டினேன். கல்லைக் குழாயடியில் வைத்து அலசினேன். ஸ்பாஞ்சைப் பிழிந்து பிழிந்து, வாங்கும்போது இருந்ததைவிடச் சுத்தமாக்கினேன். புதுத் தண்ணீர். மிச்சம் இருந்த பூந்தி, மைசூர்பாகுக்குத் துணையாக நாலு புது மீன்.

"புதுசுக்கு என்ன பேர் வெக்கலாம்?" என்று பெண்ணைக் கேட்டேன்.

"வேணாம்ப்பா. இதுவும் செத்துடும்."

அழவில்லை. ஹோம்ஒர்க் நோட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. அதுதான் எனக்கு என்னவோ செய்தது.

எங்கள் ஆபீஸ் டெஸ்பாட்ச் செக்ஷனில் கொளத்தூர்ப் பையன் ஒருவன் இருக்கிறான். சென்னையில் வண்ண மீன் என்றால் கொளத்தூர்தான். வீட்டுக்கு வீடு மாடியில் தொட்டி கட்டி மீன் வளர்க்கிற பேட்டை. இவன் வீட்டு மாடியிலும் உண்டு. திங்கட்கிழமை அவனிடம் புலம்பினேன். அனுதாபத்தோடு கேட்டான்.

"டேங்கை சைக்கிள் பண்ணீங்களா சார்?"

"இல்லப்பா. ஆட்டோவுலதான் கொண்டு வந்தேன்."

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான். பிறகு டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துச் சொன்னான். அவன் சொன்னதோடு, நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மீன் சாப்பிடுகிறது. கழிவை அமோனியாவாக வெளியே விடுகிறது. பெரும்பாலும் செவுள் வழியாகவே. மிச்சத் தீனி அழுகினாலும் அமோனியா. ஆற்றிலோ குளத்திலோ இது ஒரு பொருட்டே இல்லை. என் தொட்டியில் தண்ணீர் சுமார் 50 லிட்டர், குடக் கணக்கில் நாலு குடம்கூட இல்லை. அதற்குள் ஆறு மீன், வேளாவேளைக்குத் தீனி. நாம் ஆறு பேர் கக்கூஸ் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே குடித்தனம் நடத்துவதுபோல.

இதைச் சுத்தம் செய்ய இயற்கை இரண்டு குமாஸ்தாக்களை வைத்திருக்கிறது. இரண்டு பேரும் பாக்டீரியா. முதல் மேஜைக்காரர் அமோனியாவை வாங்கி நைட்ரைட்டாக மாற்றி அடுத்த மேஜைக்குத் தள்ளுகிறார். அடுத்த மேஜைக்காரர் அதை நைட்ரேட்டாக்கி அனுப்புகிறார். நைட்ரைட்டும் விஷம்தான்; ரத்தம் ஆக்ஸிஜனை ஏந்த முடியாமல் பழுப்பாகிவிடும். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை. வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் போய்விடும். செடி இருந்தால் அதுவும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். (பிளாஸ்டிக் செடி உறிஞ்சாது.)

புதுத் தொட்டி என்பது இரண்டு மேஜையும் காலியாக இருக்கும் ஆபீஸ். ஃபைல் குவிகிறது, பார்க்க ஆள் இல்லை. ஆள் வர நாளாகும். சாதாரண பாக்டீரியா வசதியான இடத்தில் அரை மணிக்குள் இரட்டிப்பாகும். இவர்கள் இரட்டிப்பாக ஏறக்குறைய ஒரு முழு நாள் எடுத்துக்கொள்கிறார்கள். அதிலும் இரண்டாமவர், முதல் மேஜையிலிருந்து ஃபைல் வர ஆரம்பித்த பிறகுதான் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்புவார். இரண்டு பேரும் செட்டிலாக நாலு முதல் ஆறு வாரம். இதற்குத்தான் சைக்கிள் பண்ணுவது என்று பெயர். நான் கொடுத்தது ஒரு மணி நேரம்.

இவர்கள் தண்ணீரில் மிதப்பதைவிட ஸ்பாஞ்சிலும் கல்லிலும்தான் ஒட்டிக் குடியிருப்பார்கள். அதாவது, ஒரு வாரத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்த சொற்ப பேரையும் ஞாயிற்றுக்கிழமை குழாயடியில் வைத்து க்ளோரின் தண்ணீரால் டிஸ்மிஸ் செய்தது நான்தான். திருஷ்டி இல்லை.

நம் ஊர்த் தண்ணீரில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. ஹார்ட்னஸ் ஜாஸ்தியான போர் தண்ணீர் அநேகமாகக் காரத்தன்மை உள்ளது. பி.ஹெச். அளவு 7-லிருந்து 8-க்குப் போனால், அதே அளவு அமோனியாவில் விஷப் பகுதி கிட்டத்தட்டப் பத்து மடங்கு. வெயில் ஏற ஏற அதுவும் ஏறும். சென்னையில் மே மாதம் மீன் தொட்டி ஆரம்பிக்கிறவர்கள் இதை யோசிக்கவும்.

இந்த விஷயத்தில் ஒரு அப்பா-பிள்ளை கதை இருக்கிறது. லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியல்காரர் 1849-ல் ஒரு தொட்டியில் இரண்டு தங்கமீனும் ஒரு நீர்ச்செடியும் வைத்தார். செடி அழுகித் தண்ணீர் கெட, அதைத் தின்ன நத்தைகளை விட்டார். தண்ணீரை மாற்றாமலே தொட்டி ஓடியது. 1850-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். இன்றைய வீட்டு மீன் தொட்டிக்கு மூதாதை அதுதான். அமோனியாவை யார் தின்றார்கள் என்பது அவருக்குத் தெரியாது. பாரிஸில் 1877-ல் இரண்டு பேர், இது உயிருள்ள ஏதோ ஒன்றின் வேலை என்று காட்டினார்கள். அது ஒருவர் வேலையல்ல, இரண்டு கட்டமாக நடக்கிறது என்று பிறகு தெளிவாக்கியவர்களில் ஒருவர் ராதம்ஸ்டெட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த இன்னொரு ராபர்ட் வாரிங்டன். அவருடைய பிள்ளை! 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர் அந்தக் கிருமிகளைத் தனியாகப் பிரித்தார். 2015-ல், இரண்டு மேஜை வேலையையும் தனி ஆளாகச் செய்யும் பாக்டீரியாவையும் கண்டுபிடித்துவிட்டார்கள். எங்கள் ஆபீஸிலும் அப்படி ஒருவர் இருக்கிறார். பிரமோஷன்தான் வரவில்லை.

கதைக்கு வருகிறேன். பையன் அன்று சாயங்காலமே வீட்டுக்கு வந்தான். என் பெண்ணிடம், "பூந்தி, மைசூர்பாக் எல்லாம் எங்க மாடித் தொட்டில கொஞ்ச நாள் இருக்கட்டும் பாப்பா" என்று ஆறையும் கவரில் போட்டு எடுத்துக்கொண்டான். என்னிடம் மட்டும் தனியாக, "கோல்டு ஃபிஷ்ஷு உங்க டேங்குக்கு ஆகாது சார். அது அரை அடிக்கு மேல வளரும். இது குட்டியா இருக்கறதப் பார்த்து ஏமாந்துட்டீங்க" என்றான்.

மறுநாள் டிபன் பையில் பழைய ஸ்பாஞ்ச் ஒன்றைப் பாலிதீன் கவரில் கட்டிக்கொண்டு வந்தான். ஓடிக்கொண்டிருக்கும் அவன் தொட்டியிலிருந்து எடுத்தது. பழுப்பாக, வழவழவென்று. "இதை உங்க டேங்க்ல போட்டுருங்க. காயவிடாதீங்க. பைப் தண்ணில மட்டும் கழுவிராதீங்க." என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு என்ன இது என்றாள். உறை மோர் என்றேன். அதுதான் சரியான வார்த்தை. பக்கத்து வீட்டில் ஒரு கரண்டி மோர் வாங்கி உறை ஊற்றுகிற மாதிரி, நோயில்லாத, நன்றாக ஓடும் தொட்டியின் ஸ்பாஞ்ச் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. உங்களுக்கு மீன் வளர்க்கும் சிநேகிதன் இருந்தால், பிறந்தநாளுக்குத் தொட்டி கேட்காதீர்கள். அழுக்கு ஸ்பாஞ்ச் கேளுங்கள்.

பிறகு மீனே இல்லாத தொட்டிக்குத் தினமும் ஒரு சிட்டிகை தீனி போட்டேன். அது அழுகி அமோனியா ஆகவேண்டும், குமாஸ்தாக்களுக்கு வேலை இருக்கவேண்டும். மனைவி இரண்டு நாள் பார்த்துவிட்டு, "ஏங்க, செத்துப்போன மீனுக்குப் படையலா?" என்றாள். வந்தவர்கள் எல்லாம் மீன் எங்கே என்று கேட்டார்கள். மச்சினர் ஒருவரிடம், "இப்போதைக்கு பாக்டீரியாதான் வளர்க்கறேன்" என்று சொன்னேன். காபியைக் குடிக்காமலே எழுந்து போனார்.

மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ராத்திரி மோட்டாரை நிறுத்துகிற பழக்கம் பல வீடுகளில் உண்டு. என் வீட்டிலும் முதல் வாரம் நடந்தது. நிறுத்தக் கூடாது. அந்த பாக்டீரியாவுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். சின்னக் காற்று மோட்டார் ஐந்து வாட் என்றால், மாதம் பூரா ஓடினாலும் நாலு யூனிட்டைத் தொடாது.

டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிக்கொண்டேன். தண்ணீரில் சொட்டு மருந்து விட்டால், அமோனியா இல்லாவிட்டால் மஞ்சள், இருந்தால் பச்சை. பெண் பக்கத்தில் வந்து நின்று பார்க்க ஆரம்பித்தாள். காலண்டரில் ஸ்கெட்ச் பேனாவால் தினமும் பச்சைப் பொட்டு வைத்தாள். எட்டாம் நாள் கரும்பச்சை. பிறகு வெளிறியது. நைட்ரைட் ஏறி, பத்து நாள் அடம் பிடித்தது. 23-ம் நாள் இரண்டுமே பூஜ்யம். பையனிடம் ஓடினேன். "இன்னிக்கும் தீனி போடுங்க. நாளைக்கும் ரெண்டும் ஜீரோன்னா வாங்க, மீன் தரேன்" என்றான். மறுநாளும் ஜீரோ.

சைக்கிள் பண்ணாமலே மீன் விட்டுவிட்டவர்கள் இதைப் படித்துக்கொண்டிருந்தால்: மொத்தத் தண்ணீரையும் கொட்டாதீர்கள். தினமும் கால்பாகம் மட்டும், க்ளோரின் போக்கிய தண்ணீராக மாற்றுங்கள். தீனியை ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகை போடுங்கள். பத்து லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் கல் உப்பு கரைத்து விட்டால் நைட்ரைட் செவுள் வழியே ஏறுவது குறையும்.

என்ன மீன் விடலாம்? தண்ணீர் எப்படியோ மீன் அப்படி. நம் போர் தண்ணீருக்கு மோலி, பிளாட்டி, கப்பி கச்சிதம். கொசுப் புழுவைத் தின்னக் கிணற்றில் விடுகிறார்களே, அந்தக் கப்பிதான். ஜீப்ரா டேனியோ நம் தேசத்து மீன், முரடு. நியான் டெட்ரா பார்க்க அழகுதான். தென் அமெரிக்காவின் மென்மையான தண்ணீரில் பிறந்தது, புதுத் தொட்டிக்கு முதலில் வாங்காதீர்கள். ஃபைட்டர் தனிக்கட்டை. கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று தலையில் கட்டப்படும் 'சக்கர்' ஒன்றரை அடி வரை வளரும். தாங்காமல் ஏரியில் விட்டவர்கள் புண்ணியத்தில் இப்போது தமிழ்நாட்டு நீர்நிலைகளில் அது ஒரு பெரும் தொல்லை.

ஒரே நாளில் நிரப்பாதீர்கள். முதலில் மூன்று மீன், பத்துப் பதினைந்து நாள் கழித்து இன்னும் மூன்று. மீன் கூடினால் அந்த அளவுக்குக் குமாஸ்தாவும் கூட வேண்டும் அல்லவா? கவரைக் கால் மணி மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சேர்த்து, மீனை மட்டும் விடுங்கள். தீனி ஒரு வேளை, இரண்டு நிமிஷத்தில் தின்று தீர்க்கிற அளவு. ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே ஒரு பிழி. அவ்வளவுதான்.

மூன்று கறுப்பு மோலி, ஒரு ஆண் இரண்டு பெண், ஒரு சனிக்கிழமை வந்து இறங்கின. என் பெண் பார்த்தாள். பெயர் பற்றிப் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. தினமும் எழுந்ததும் பல் தேய்க்காமல் தொட்டிக்குப் போய், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிவிட்டுத்தான் பாத்ரூமுக்குப் போனாள். ஒரு வாரம். இரண்டு வாரம்.

மூன்றாவது ஞாயிறு, பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, கறுப்பா என்ன ஸ்வீட்டு இருக்கு?"

எனக்கு எதுவும் தோன்றவில்லை. சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுத்தாள்:

"எள்ளுருண்டை!"