போர்ன்ஹோல்ம் மக்கள் எடுத்த இரண்டு முடிவுகள்



நாடாளுமன்றங்களைப் பற்றியும் பிரதமர்களைப் பற்றியும் எழுத எல்லாப் பத்திரிகையிலும் ஆள் உண்டு. ஊர்ப் பள்ளிக்கூடத்தை நடத்துவது யார், பேருந்தை விடுவது யார், படுத்த படுக்கையாகிவிட்ட முதியவரின் வீட்டுக்குக் காலையில் பணியாளரை அனுப்புவது யார் என்று கேட்டு எழுதுபவர்கள்தான் குறைவு. எனக்கு இந்த இரண்டாவது வகைக் கேள்விகளில்தான் ஈடுபாடு. அதனால் இந்த மாத ஆசிரியர் பக்கத்தை டென்மார்க்கின் ஒரு தீவு நகராட்சிக்கு முழுதாகக் கொடுத்துவிட்டேன். தீவின் பெயர் போர்ன்ஹோல்ம்.

வரைபடத்தைப் பார்த்தால் இது டென்மார்க்குக்குச் சொந்தமான இடம் என்று சட்டென்று நம்பத் தோன்றாது. நாட்டின் மற்ற பகுதிகள் எல்லாம் மேற்கே சேர்ந்து கிடக்க, இது மட்டும் தனியாகப் பால்டிக் கடலின் நடுவில் நிற்கிறது. வடக்கே சுவீடன் கரை 40 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். தெற்கே ஜெர்மனியும் போலந்தும். தலைநகர் கோபன்ஹேகனோ நேர்க்கோட்டில் சுமார் 150 கிலோமீட்டர். தலைநகரிலிருந்து காரில் புறப்படுபவர்கள் பாலம் கடந்து சுவீடனுக்குள் போய், இஸ்டாட் துறைமுகத்தில் கப்பலேறித்தான் பெரும்பாலும் இங்கே வருகிறார்கள். சொந்த நாட்டின் ஒரு மூலைக்குப் போக அயல்நாட்டைக் குறுக்கே கடக்க வேண்டியிருக்கிறது.

நிலமும் வேறு மாதிரி. டென்மார்க் பொதுவாகக் களிமண்ணும் சுண்ணாம்பும் மணலுமான தாழ்ந்த பூமி. போர்ன்ஹோல்மின் வடக்கிலோ நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட கருங்கல் பாறை கடலுக்குள் செங்குத்தாக இறங்குகிறது. அதனால்தான் பாறைத்தீவு என்று அதற்கு ஒரு செல்லப்பெயர். தெற்கு முனையான டுவெஓட்டேயில் பாறை மறைந்து, மணற்கடிகாரத்தில் இட்டு நிரப்பும் அளவுக்கு நைசான வெண்மணல் பரந்து கிடக்கிறது. நடுவில் அல்மிண்டிங்கன் காடு; அதற்குள் தீவின் மிக உயர்ந்த இடம், 162 மீட்டர். 2012-இல் போலந்திலிருந்து ஐரோப்பியக் காட்டெருமைகளைக் கொண்டுவந்து இந்தக் காட்டில் விட்டார்கள். பரப்பளவு மொத்தம் 588 சதுர கிலோமீட்டர். கிழக்குக் கரையோரம் குட்யெம் என்றொரு மீனவ ஊர் இருக்கிறது. 2023 வரை டென்மார்க்கின் சட்டபூர்வ நேரத்துக்கு அடிப்படையாக இருந்த 15 பாகை கிழக்குத் தீர்க்கரேகை அந்த ஊர் வழியாகத்தான் போகிறது. அங்கே புகைபோட்ட ஹெர்ரிங் மீனைக் ரை தானிய ரொட்டியில் வைத்து, மேலே பச்சை முட்டையின் மஞ்சள் கருவும் முள்ளங்கியும் சேர்த்துச் சாப்பிடுவார்கள். தீவின் பெயர்பெற்ற சாப்பாடு அதுதான்.

இப்படிக் கடல்வழியின் நடுவில் இருக்கும் இடத்தைப் பெரிய அரசுகள் சும்மா விடுமா? தீவின் வரலாறு பெரும்பாலும் இதை யார் கையில் கொடுப்பது என்று மற்றவர்கள் பேசி முடித்த வரலாறுதான். இடைக்காலத்தில் லுண்ட் நகரப் பேராயருக்கும் டென்மார்க் மன்னருக்கும் இழுபறி. அந்த இழுபறியின் சாட்சியாக வடமுனைக் குன்றின் மேல் ஹாம்மர்ஸ்ஹூஸ் கோட்டை இடிந்து நிற்கிறது. வட ஐரோப்பாவின் மிகப் பெரிய கோட்டை இடிபாடுகளில் ஒன்று அது. தீவில் இருக்கும் வட்டவடிவத் தேவாலயங்கள் நான்கும் அந்தக் காலத்தவை. தடித்த சுவரும் மேல்தளமுமாக, வழிபாட்டுக்கும் ஆகும், எதிரி வந்தால் பதுங்கவும் ஆகும் என்பதுபோலக் கட்டியிருக்கிறார்கள். பிறகு 1525 முதல் சுமார் ஐம்பது ஆண்டுகள், ஜெர்மானிய வணிக நகரமான லூபெக்கின் பிடியில் இருந்தது.

1658 பிப்ரவரியில், போரில் தோற்ற டென்மார்க் ரோஸ்கில்டே உடன்படிக்கையில் தன் கிழக்கு மாகாணங்களைச் சுவீடனுக்கு எழுதிக் கொடுத்தது. போர்ன்ஹோல்மும் அதில் அடக்கம். சுவீடன் யோஹான் பிரின்ட்ஸென்ஷோல்ட் என்பவரைத் தளபதியாக அனுப்பியது. வரி ஏறியது, இளைஞர்களைப் படைக்குப் பிடித்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 8 அன்று அவர் ரோன்னே நகருக்கு வந்தபோது, யென்ஸ் கோஃபோட் முதலானோர் தலைமையில் திரண்ட தீவுக்காரர்கள் அவரைப் பிடித்தார்கள். தெருவிலேயே சுட்டுக் கொன்றார்கள். சில நாட்களில் ஹாம்மர்ஸ்ஹூஸ் கோட்டையில் இருந்த சுவீடன் படையும் பணிந்தது.

அடுத்து அவர்கள் செய்ததுதான் என்னை நிறுத்திப் படிக்க வைத்தது. தீவை மன்னர் மூன்றாம் ஃப்ரெடரிக்குக்குப் பரிசாகக் கொடுப்பதாக ஒரு பத்திரம் எழுதி, ஆள் அனுப்பிக் கோபன்ஹேகனில் சேர்த்தார்கள். தலைநகரமே அப்போது சுவீடன் படையின் முற்றுகையில் இருந்தது. யாரோ கையெழுத்திட்டுத் தங்களைத் தூக்கிக் கொடுத்ததை ஏற்காமல், தாங்களே ஒரு தரப்பாக உட்கார்ந்து கையெழுத்திட்ட மக்கள் இவர்கள். 1660-இல் வந்த உடன்படிக்கையில் கிழக்கு மாகாணங்கள் சுவீடனிடமே தங்கிவிட்டன. போர்ன்ஹோல்ம் மட்டும் டென்மார்க்கோடு நின்றது. அதற்கு ஈடாக அந்த மாகாணங்களில் ஒன்றான ஸ்கோனேயில் இருந்த பண்ணை நிலங்களைச் சுவீடனுக்குக் கொடுத்தார்கள். தீவு இன்று வரைபடத்தில் தனித்து நிற்பதற்குக் காரணம் இதுதான். சுற்றியிருந்ததெல்லாம் போன பிறகும் இது போகவில்லை.

இந்த நூற்றாண்டுக்கு வருவதற்கு முன் 1945-ஐச் சொல்லியாக வேண்டும். மே 5-ஆம் தேதி டென்மார்க் ஜெர்மன் ஆக்கிரமிப்பிலிருந்து விடுதலை பெற்றது. கோபன்ஹேகன் தெருக்களில் கொண்டாட்டம். போர்ன்ஹோல்மில் இருந்த ஜெர்மன் தளபதியோ ஆங்கிலேயரிடம் மட்டுமே சரணடைவேன், சோவியத் படையிடம் மாட்டேன் என்று நின்றார். ஆங்கிலேயர் யாரும் வரவில்லை. மே 7, 8 தேதிகளில் சோவியத் விமானங்கள் ரோன்னேயிலும், தீவின் இன்னொரு துறைமுக ஊரான நெக்ஸோவிலும் குண்டு வீசின. இரண்டாம் நாள் தாக்குதலுக்கு முன் மக்கள் ஊரைவிட்டு வெளியேறியிருந்ததால் உயிரிழப்பு குறைந்தது. ஆனாலும் தீவுக்காரர்கள் பத்துப் பேர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கான வீடுகள் தரைமட்டமாயின. நாடு முழுவதும் போர் முடிந்துவிட்டதென்று மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது இங்கே வீடு எரிந்துகொண்டிருந்தது. மே 9 அன்று இறங்கிய சோவியத் படை 1946 ஏப்ரல் 5 வரை தீவில் இருந்துவிட்டுத்தான் கிளம்பியது. வீடிழந்தவர்களுக்காக அண்டைநாடான சுவீடன் முந்நூறு மரவீடுகளை அனுப்பியது. ரோன்னேயிலும் நெக்ஸோவிலும் அந்த வீடுகளில் இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன.

1658-இல் எடுத்தது முதல் முடிவு. இரண்டாவது முடிவு உள்ளாட்சி பற்றியது.

டென்மார்க் உள்ளாட்சி நிர்வாகத்தை அடிக்கடி மாற்றுவதில்லை; மாற்றினால் அடியோடு மாற்றும். 1970-இல் நாடெங்கும் ஆயிரத்துக்கும் மேல் இருந்த நகராட்சிகளையும் ஊராட்சிகளையும் 277 ஆகக் குறைத்தார்கள். போர்ன்ஹோல்மில் இருபதுக்கும் மேல் இருந்த மன்றங்கள் ரோன்னே, ஹாஸ்லே, நெக்ஸோ, ஓகிர்கேபி, அலிங்கே-குட்யெம் என்று ஐந்தாயின. அவற்றுக்கு மேல் மருத்துவமனையைக் கவனிக்கும் ஒரு மாவட்ட மன்றம். ஆக, ஒரு மணி நேரத்தில் காரில் குறுக்கே கடந்துவிடும் தீவில் ஆறு மன்றங்கள், ஆறு வரவுசெலவுத் திட்டங்கள்.

அடுத்து வந்த பத்தாண்டுகளில் தீவின் பிழைப்பு சரியத் தொடங்கியது. பால்டிக் கடலில் காட் மீன் வரத்து குறைந்தது. நெக்ஸோ துறைமுகத்தை நம்பியிருந்த படகுகளும் மீன் பதப்படுத்தும் ஆலைகளும் ஒவ்வொன்றாக நின்றன. மேற்படிப்புக்குப் போன பிள்ளைகள் திரும்பவில்லை. முதியவர் எண்ணிக்கை கூட, வரி கட்டுபவர் எண்ணிக்கை குறைந்தது. டென்மார்க்கில் நகராட்சியின் பணம் பெரும்பகுதி அங்கே வாழ்பவர்களின் வருமான வரியிலிருந்து வருகிறது. மக்கள் தங்கள் வருமானத்தில் ஏறத்தாழ கால் பங்கை உள்ளூர் நிர்வாகத்துக்கே கட்டுகிறார்கள். குழந்தைக் காப்பகம், பள்ளி, முதியோர் பராமரிப்பு, நூலகம், சாலை, வேலையில்லாதோர் உதவி எல்லாம் நகராட்சியின் பொறுப்பு. வசதியான நகராட்சிகளிடமிருந்து எடுத்து வசதி குறைந்தவற்றுக்குக் கொடுக்கும் ஏற்பாடும் உண்டு. அது இல்லையென்றால் போர்ன்ஹோல்ம் போன்ற இடம் நிமிர முடியாது.

2001 மே 29 அன்று மக்களிடம் கேள்வியை வைத்தார்கள்: ஐந்து நகராட்சிகளும் மாவட்ட மன்றமும் ஒன்றாகட்டுமா? வாக்களித்தவர்களில் 73.9 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். 2003 ஜனவரி 1 முதல் தீவு முழுமைக்கும் ஒரே நிர்வாகம். போர்ன்ஹோல்ம் பிராந்திய நகராட்சி என்று பெயர். நகராட்சியின் வேலையும் மாவட்டத்தின் வேலையும், மருத்துவமனை உட்பட, ஒரே மன்றத்தின் கையில் வந்தன. தாமஸ் தோர்ஸ் முதல் மேயரானார். கோபன்ஹேகனிலிருந்து யாரும் ஆணையிடவில்லை. நாடு தழுவிய அடுத்த சீர்திருத்தம் வர இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன.

அந்தச் சீர்திருத்தம் 2007-இல் வந்தது. 271 நகராட்சிகள் 98 ஆயின. மாவட்டங்கள் ஒழிந்து ஐந்து பிராந்தியங்கள் வந்தன. போர்ன்ஹோல்ம் தலைநகரப் பிராந்தியத்தில் சேர்க்கப்பட்டது. தீவுக்காரர்கள் தாங்களே நடத்திவந்த மருத்துவமனை, கடலுக்கு அப்பால் இருக்கும் நிர்வாகத்தின் கைக்குப் போனது. பெயரில் பிராந்தியம் என்ற அடைமொழி மட்டும் மிச்சம். பேருந்துச் சேவை போன்ற சில பொறுப்புகளை இன்னும் தானே வைத்திருப்பது ஆறுதல். என்னைக் கேட்டால், இது நியாயமில்லை என்றே சொல்வேன். ஒரு மக்கள் கூட்டம் தானாக முன்வந்து, வாக்குப்பெட்டி வைத்துத் தன் நிர்வாகத்தைத் திருத்திக்கொண்ட பிறகு, அதில் பாதியை நான்கே ஆண்டில் மேலிருந்து எடுத்துக்கொள்வது அந்த வாக்குக்கு மதிப்புத் தரும் செயல் அல்ல.

ஒன்றிணைந்ததால் எல்லாம் நன்றாகிவிட்டது என்றும் சொல்ல மாட்டேன். நிர்வாகம் ஒன்றானபோது ரோன்னே தவிர மற்ற ஊர்களுக்குத் தங்கள் மன்றமும் மேயரும் இல்லாமல் போயின. சிறிய பள்ளிகள் சில மூடப்பட்டன. அரை நூற்றாண்டுக்கு முன் 47,000 அளவில் இருந்த மக்கள்தொகை இன்று 40,000-க்குச் சற்றுக் கீழே. மன்றத்தை இணைத்தால் மீன் திரும்பி வராது. ஆனால் ஒரே மன்றமாக இருப்பதால் செய்ய முடிந்தவையும் உண்டு. குப்பை எரிக்கும் ஆலை பழசாகி, புதிது கட்டுவதா என்ற கேள்வி வந்தபோது, கட்ட வேண்டாம், 2032-க்குள் எரிப்பதையே நிறுத்தி எல்லாவற்றையும் மறுபயன்பாட்டுக்குத் திருப்புவோம் என்று தீவு ஒரே குரலில் இலக்கு வைத்தது. ஐந்து மன்றங்கள் இருந்திருந்தால் இந்தப் பேச்சு ஐந்து அறைகளில் சிதறியிருக்கும். மண்பாண்டமும் கண்ணாடியும் செய்யும் கலைஞர்களின் உழைப்பால் 2017-இல் உலகக் கைவினை மன்றத்தின் அங்கீகாரம் கிடைத்தது. ஐரோப்பாவில் அதைப் பெற்ற முதல் பகுதி இதுதான். 2011-இல் தொடங்கி, ஜூன் மாதங்களில் அலிங்கேயில் மக்கள் சந்திப்பு என்ற நிகழ்வு நடக்கிறது. அமைச்சர்களும் கட்சித் தலைவர்களும் கூடாரங்களில் நின்று, வந்தவர் போனவரோடெல்லாம் பேசுகிறார்கள்.

இன்னொரு விவரம். குட்யெமிலிருந்து வடகிழக்கே சுமார் 18 கிலோமீட்டரில் எர்தோல்மனே என்ற குட்டித் தீவுக் கூட்டம் இருக்கிறது. 1684-இல் கடற்படைக் கோட்டையாகத் தொடங்கிய இடம். ஏறத்தாழ 90 பேர் வாழ்கிறார்கள். அவர்கள் போர்ன்ஹோல்ம் நகராட்சியிலும் இல்லை, வேறெந்த நகராட்சியிலும் இல்லை. பாதுகாப்பு அமைச்சகம் நியமிக்கும் அதிகாரி ஒருவர் நிர்வகிக்கிறார். நகராட்சி வரி கிடையாது. அதே சமயம், நகராட்சித் தேர்தலில் ஓட்டும் கிடையாது. அழகான இடம்தான், பார்க்க ஆசைப்படலாம். ஆனால் எங்கே குடியிருக்க விருப்பம் என்று என்னிடம் கேட்டால், வரி கட்டினாலும் பரவாயில்லை, கேள்வி கேட்க ஒரு மன்றம் உள்ள ரோன்னேயையே சொல்வேன்.

டென்மார்க்கில் வாழும் நம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ஈழத்திலிருந்து எண்பதுகளில் அங்கே போய்க் குடியேறிய குடும்பங்களில் மூன்றாம் தலைமுறை வளர்ந்துவருகிறது. அந்நாட்டின் நகராட்சித் தேர்தல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, நவம்பர் மூன்றாம் செவ்வாய்க்கிழமை நடக்கிறது. குடியுரிமை வாங்காதவர்களுக்கும், குறிப்பிட்ட ஆண்டுகள் தொடர்ந்து அங்கே வாழ்ந்திருந்தால், அந்தத் தேர்தலில் வாக்களிக்கவும் போட்டியிடவும் உரிமை உண்டு. 1981 முதல் இருந்துவரும் உரிமை இது. தனியாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. வாக்காளர் அட்டை வீட்டுக்கே வரும். உங்கள் பிள்ளையின் பள்ளியையும் பெற்றோரின் பராமரிப்பையும் தீர்மானிக்கும் மன்றம் அதுதான். அட்டை வந்ததும் எடுத்து வையுங்கள். அன்று மறக்காமல் போய் வாக்களியுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்