கம்பனிச் சித்திரங்களும் பொதுமக்களின் உரிமையும்

பதினைந்தாம் நூற்றாண்டில் கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகு முன்னேஸ்வரத்துக்கு நிலம் அளித்தபோது அதனைக் கல்லிற் பொறித்து வைத்தான். அடுத்த நூற்றாண்டிற் போர்த்துக்கேயர் கோவிலை இடித்தனர். 1753இல் கண்டி அரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் அதனைப் புதுப்பித்துச் செப்பேடும் வழங்கினான். சொத்து எது, யாருக்குரியது என்பது எழுத்தில் இருந்தமையால், இடிந்த கோவிலுக்கும் உரிமை பேசச் சான்று இருந்தது.

இந்தப் பழைய நியாயத்தை இன்று வேறொரு சொத்தின் பொருட்டு நினைவூட்ட விரும்புகிறோம். வங்கிகளும் ஹோட்டல்களும் பெருங் கம்பனிகளும் வாங்கி வைத்துள்ள ஓவியங்களையும் சிற்பங்களையுமே குறிப்பிடுகிறோம். கம்பனி வாழும்வரை அவை அலங்காரம். அது விற்கப்பட்டால், அல்லது முறிந்தால், அவற்றின் கதி என்ன?

சுவரில் தொங்கும் படத்துக்கும் தமது வயலுக்கும் என்ன தொடர்பு என்று கமக்காரர் கேட்கலாம். வங்கியின் பணம் யாருடைய வைப்பு? ஊழியர் சேமலாப நிதி பல கம்பனிகளின் பங்குகளில் இடப்பட்டிருக்கிறதே, அது யாருடைய வியர்வை? நம்முடைய பணத்தில் வாங்கியதைப் பற்றி ஒரு கணக்காவது கேட்க நமக்கு உரிமை இல்லையா?

அயல்நாட்டைப் பாருங்கள். ஏர் இந்தியா நிறுவனம் 1956இல் பி. பிரபாவின் ஓவியங்களோடு தொடங்கி, ஹுசைன், கைதொண்டே போன்றோரின் படைப்புகள் உட்பட ஆயிரக்கணக்கானவற்றைச் சேர்த்தது. அதற்குரிய ஜத்தின் தாஸின் ஓவியமொன்று காணாமற்போய் வெளியே விலைக்கு வந்த செய்தி 2017இல் அம்பலமாயிற்று. 2022 ஜனவரியில் விமான நிறுவனம் டாட்டாவிடம் கைமாறியபோது சேகரிப்பு அதனோடு போகவில்லை. அது டில்லியிலுள்ள தேசிய நவீன கலைக்கூடத்துக்கென ஒதுக்கப்பட்டது. அரசு விழித்திருந்ததால் மிஞ்சியது மக்களுக்குக் கிடைத்தது.

நம் கோவிலை இடித்தவர்களின் நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. 2008இல் போர்த்துக்கல் அரசு முறிந்த வங்கியொன்றைப் பொறுப்பேற்றபோது, மீரோ என்னும் ஸ்பானிய ஓவியரின் 85 படைப்புகளும் அதன் கைக்கு வந்தன. அவற்றை 2014இல் லண்டனில் ஏலமிட முயன்றது. மக்கள் எதிர்த்தனர், வழக்கும் எழுந்தது, ஏலம் கைவிடப்பட்டது. அவை இன்று போர்ட்டோ நகரில் மக்கள் காணும் செல்வமாக உள்ளன.

இலங்கையின் நிலை யாது? 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முற்பட்டவற்றையே தொல்பொருளாகக் கொள்கிறது. 1988ஆம் ஆண்டின் கலாசார ஆதனச் சட்டம் நாட்டைவிட்டு வெளியேறுவதைக் கட்டுப்படுத்துவதற்காக எழுந்தது. ஆகவே 1943இல் உருவான '43 குழு' ஓவியர்களின் படைப்பொன்று கம்பனி அறையிலிருந்து சத்தமின்றி இன்னொருவர் வீட்டுக்குப் போனால் நாம் அறியப்போவதில்லை. 2023இல் விமானக் கம்பனி முதல் தொலைத்தொடர்பு வரை விற்பனைக்கென முன்வைக்கப்பட்டபோது, அவற்றின் சுவர்களில் உள்ளவற்றுக்கு எவர் கணக்குக் கேட்டார்?

தனியார் சொத்தில் அரசு கைவைப்பதா என்பர் சிலர். பறிமுதலை நாம் கேட்கவில்லை. கம்பனியை ஆதரித்துக் கலைஞரை வாழவைத்த முதலாளிகளைக் குறை கூறவும் இல்லை. கேட்பவை மூன்றே. சேகரிப்பின் இடாப்பு ஆண்டறிக்கையில் வெளிவரவேண்டும். வருடத்திற் சில நாட்களாவது மாணவருக்கும் மக்களுக்கும் கதவு திறக்கவேண்டும். விற்க நேரின், நியாயமான விலைக்கு முதலில் பொது நூதனசாலைகளுக்கே கேட்டுக் கொடுக்கவேண்டும். அந்த நூதனசாலைகள் கொழும்பில் மட்டும் இருத்தலும் ஆகாது. யாழ்ப்பாணத்துக்கும் மட்டக்களப்புக்கும் சிலாபத்துக்கும் பங்கு வேண்டும்.

அன்று மன்னன் கல்லில் எழுதினான். இன்று மக்களாட்சி ஒரு தாளில் எழுதவும் தயங்குமாயின், அது நமக்கு வெட்கம். பாராளுமன்றத்தில் நம் பிரதிநிதிகள் இவ்விடாப்பை முதலிற் கேட்பார்களாக!